கொழுத்த நாயை இயற்கை முறையில் இளைக்க வைப்பது எப்படி?

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக் காவலுக்கும் நாய் வளர்ப்பது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு இருந்துவரும் வழக்கமாகும். அக்காலத்தில் பட்டி நாய்க்குக் கிடைத்தது மிச்சக் கூழும் களியும்தான். பகல் முழுவதும் மந்தையோடு நடந்து, இரவெல்லாம் விழித்திருந்த நாயின் உடம்பில் கொழுப்புத் தங்க வழியில்லை. இன்று நிலைமை மாறியுள்ளது. தோட்டத்துக்குக் கம்பி வேலி வந்துவிட்டது. நாய் பெரும்பாலான நேரம் சங்கிலியில் கிடக்கிறது. வேளைக்கு ஒரு தட்டு சோறு, இடையில் பால், பிஸ்கட், முறுக்கு, பண்டிகைக்குப் பலகாரம் என்று தீனி மட்டும் குறைவின்றிக் கிடைக்கிறது. விளைவாக, லாப்ரடார், ஸ்பிட்ஸ் போன்ற வெளிநாட்டு இனங்கள் மட்டுமின்றி நாட்டு நாய்களும் பருத்துப் போய், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலையைக் காண்கிறோம்.

"நாய் நன்றாகப் புஷ்டியாக இருக்கிறது" என்று இதைப் பலர் பெருமையாகக் கருதுகின்றனர். ஆனால் உடற்பருமன் ஒரு நோய் என்பதையும், அதைப் பெரும்பாலும் மருந்தின்றியே சரிசெய்ய இயலும் என்பதையும் நாய் வளர்ப்போர் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

உடற்பருமனால் ஏற்படும் தீமைகள்

ஒரு நாய் இருக்க வேண்டிய எடையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் அது அதிக எடை. 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் உடற்பருமன். 20 கிலோ இருக்க வேண்டிய நாய் 24 கிலோவைத் தாண்டினால் நோய்க் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கூடுதல் எடை முதலில் இடுப்பு, முழங்கால் மூட்டுகளைத் தாக்கும். காலையில் எழும்போது நாய் தடுமாறும். படி ஏறத் தயங்கும். கணைய அழற்சி, நீரிழிவு, மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் வாய்ப்பு அதிகம். அறுவை சிகிச்சை செய்ய நேரிட்டால் மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்தாகிவிடும்.

நம் பகுதிக்கு முக்கியமான இன்னொரு தீமை வெயில். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை; பாத அடிகளில் மட்டும் சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கம்பளி போர்த்தியது போல் சூட்டைத் தடுத்து நிறுத்தும். இதனால் சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பத் தாக்குக்கு எளிதில் ஆளாகிறவை கொழுத்த நாய்களே.

ஆயுளும் குறைகிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை 24 ஜோடிகளாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினர். ஜோடியில் ஒன்று உண்ட அளவைவிட 25 சதவீதம் குறைவான தீவனமே மற்றதற்கு வாழ்நாள் முழுவதும் கொடுக்கப்பட்டது. 2002-ம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அதிகம் உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாக உண்டு ஒல்லியாக இருந்தவற்றின் ஆயுள் 13 ஆண்டுகள். மூட்டு நோய்க்கு மருந்து தேவைப்பட்ட காலமும் ஒல்லியான நாய்களுக்குத் தள்ளிப் போயிற்று. ஏறத்தாழ இரண்டு வருட ஆயுள் தீவனத் தட்டின் அளவில் அடங்கியிருந்தது.

கண்டறியும் முறை

தராசு இல்லாமலே கையால் தடவிப் பார்த்து நாயின் நிலையை அறியலாம். நாயை நிற்க வைத்து, இரு கைகளாலும் விலாப் பகுதியை அழுத்தாமல் தடவ வேண்டும். உங்கள் கையை நீட்டி, புறங்கையின் விரல் எலும்புகளைத் தடவினால் எப்படித் தென்படுகிறதோ, அவ்வாறு விலா எலும்புகள் தென்பட்டால் நாய் சரியான எடையில் இருக்கிறது. கையை மடக்கி முட்டிகளைத் தடவுவது போல் துருத்தி நின்றால் மெலிந்திருக்கிறது. உள்ளங்கையைத் தடவுவது போல் மெத்தென்று இருந்து எலும்பு தட்டுப்படாவிட்டால் எடை கூடிவிட்டது.

அடுத்து, மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் அடிவயிறு பின்னங்கால் பக்கம் மேலேறியிருக்க வேண்டும். உடம்பு முழுவதும் பீப்பாய் போல் ஒரே சீராக இருந்தாலும், வாலடியில் கொழுப்புத் திரண்டிருந்தாலும் அது பருமனுக்கு அடையாளம்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களுக்கு இடுப்பு இயல்பாகவே ஒட்டியிருக்கும். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்து, "நாய் வற்றிக் கிடக்கிறது" என்று சோற்றைக் கூட்டிவிடக் கூடாது.

கொழுப்பா, வேறு நோயா?

வயிறு பெருத்த நாயெல்லாம் கொழுத்த நாயல்ல. முதுகெலும்பும் தொடையும் வற்றி, வயிறு மட்டும் குடம் போல் தொங்கினால் வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். கல்லீரல் அல்லது இதய நோயில் இவ்வாறு நேரும். குட்டிகளுக்கு வயிறு உப்பினால் குடற்புழுவாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவத்துக்கு வந்து சில வாரங்களில் வயிறு பெருத்து, அதிகம் தண்ணீர் குடித்து, தீனி எடுக்காமல் சோர்ந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கக் கூடும். இது உயிருக்கு ஆபத்தானது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சினையாக இருக்கிறதா என்பதையும் கவனிக்கவும். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாட்கள்.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நாய் பருக்கும். அப்போது இரு பக்கமும் முடி கொட்டும், நாய் மந்தமாகிக் கதகதப்பான இடத்தைத் தேடும். தோல் நோய்க்கு ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் கொடுத்தாலும் பசி கூடி எடை ஏறும். ஆகவே தீவனத்தைக் குறைக்கும் முன்னர் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் நாயை ஒருமுறை காட்டிப் பரிசோதித்துக்கொள்வது நலம். சினை நாய், பாலூட்டும் தாய் நாய், வளரும் குட்டி ஆகியவற்றுக்கு எடை குறைப்பு முறையைத் தானாகத் தொடங்கவே கூடாது.

எடை ஏறும் காரணங்கள்

உண்பது மிகுதி, உழைப்பது குறைவு என்பதே முதற்காரணம். கருத்தடை செய்த நாய்க்கு எரிசக்தித் தேவை 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது, பசியோ கூடுகிறது. பழைய அளவிலேயே சோறு போட்டால் ஆறு மாதத்தில் பருத்துவிடும். இதற்காகக் கருத்தடையைத் தவிர்க்க வேண்டியதில்லை. தீவனத்தைக் குறைத்தால் போதும்.

இனமும் ஒரு காரணம். 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், லாப்ரடார் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியடங்கும் உணர்வோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் குறைபாடு இருப்பதைக் கண்டனர். இத்தகைய நாய் எவ்வளவு தின்றாலும் அடுத்த கவளத்துக்கு வாய் பார்க்கும். எனவே "பசிக்கிறது போலிருக்கிறது" என்று அதன் முகத்தைப் பார்த்துச் சோறு போடுவது சரியான அளவுகோல் அல்ல.

எடை பார்த்தலும் இலக்கும்

சிறிய நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். பெரிய நாயை நெல் மூட்டை, பருத்தி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் நிறுத்தலாம். எடையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைத் தீவனத்துக்கு முன் பார்த்து ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வர வேண்டும்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவதே பாதுகாப்பானது. உதாரணமாக 26 கிலோ நாய் 20 கிலோவுக்கு வர வேண்டுமென்றால், வாரம் 260 முதல் 520 கிராம் வரை குறையலாம். இதற்கு ஐந்து ஆறு மாதம் ஆனாலும் குற்றமில்லை. அவசரப்பட்டுப் பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் கரையும், நாய் பலவீனமடையும்.

எவ்வளவு தீவனம் கொடுக்கலாம்?

எளிய கணக்கு ஒன்று உண்டு. நாய் எட்ட வேண்டிய எடையை 30 ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டினால், ஒரு நாளைக்குக் கொடுக்கத்தக்க கிலோ கலோரி ஏறத்தாழ கிடைக்கும். 20 கிலோ இலக்குக்கு 670. 7 கிலோ இலக்குள்ள ஸ்பிட்ஸ் நாய்க்கு 280. இந்தக் கணக்கு மிகச் சிறிய, மிகப் பெரிய நாய்களுக்குப் பொருந்தாது.

இதோடு நாம் கொடுப்பவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவும். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கிலோ கலோரியும், தோல் நீக்கி வேகவைத்த 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 165-ம், ஒரு முட்டையில் சுமார் 75-ம், 100 கிராம் தயிரில் சுமார் 60-ம், ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய்யில் சுமார் 45-ம் உள்ளன. 100 கிராம் இனிப்பு பிஸ்கட்டில் சுமார் 450 கிலோ கலோரி உள்ளது. அதாவது 50 கிராம் பிஸ்கட் தின்ற ஸ்பிட்ஸ் நாய், தன் ஒரு நாள் பங்கில் ஐந்தில் நான்கு பாகத்தைத் தீனித் தட்டுக்கு வருமுன்பே முடித்துவிடுகிறது.

26 கிலோவிலிருந்து 20 கிலோவுக்கு இறங்க வேண்டிய நாய்க்கு ஒரு நாள் தீவன மாதிரி வருமாறு:

வேகவைத்த கோழிக்கறி (தோல், எலும்பு நீக்கியது) – 150 கிராம்
சோறு – 125 கிராம்
வேகவைத்த முட்டை – 1
வேகவைத்த பூசணி, பீன்ஸ், காரட் – 200 கிராம்
தயிர் – 100 கிராம்
சமையல் எண்ணெய் – 1 தேக்கரண்டி

இதன் மொத்தம் சுமார் 650 கிலோ கலோரி ஆகும். மீதியுள்ள 20-ஐ, பழக்கும்போது பரிசாகக் கொடுக்கும் காரட், வெள்ளரித் துண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். இவற்றை இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும். கறிக்குப் பதில் முள் நீக்கிய வேகவைத்த மீனையும் தரலாம். உப்பு, மிளகாய், மசாலா சேர்க்க வேண்டாம்.

காய்கறியைக் கூட்டுவதன் நோக்கம் வயிற்றை நிரப்புவதே. நார்ச்சத்து மிகுதியால் பசி அடங்கும், எரிசக்தி கூடாது. புரதத்தைக் குறைக்காமலிருப்பதன் நோக்கம் தசையைக் காப்பதாகும். சோற்றை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் அதிகம் என்பது 2013-ல் வெளியான மரபணு ஆய்வில் உறுதியாகியுள்ளது. சோற்றில் குற்றமில்லை, அளவில்தான் குற்றம்.

ஒன்றை மறக்கக் கூடாது. வீட்டுத் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து, துத்தநாகம், அயோடின், சில வைட்டமின்கள் போதிய அளவில் இரா. மாதக்கணக்கில் இம்முறையைப் பின்பற்றுவோர், நாய்க்கென்று உள்ள தாது, வைட்டமின் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையைக் கைக்கணக்கில் போடக் கூடாது. கடைத் தீவனம் கொடுப்போரும் எடை குறைப்புக்கென்று உள்ள வகையை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். சைவ வீடுகளில் முட்டையாவது கொடுக்க முன்வருதல் நல்லது. அதுவும் இயலாதோர் பருப்பு, பன்னீர், தயிர் கொண்டு மருத்துவர் ஆலோசனைப்படி தீவனத்தை அமைக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். மிச்சமான சாம்பாரையும் குழம்பையும் சோற்றில் ஊற்றும் வழக்கத்தை இக்காரணத்தினாலேயே கைவிட வேண்டும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தில் உள்ள திராட்சையும் இதில் அடங்கும். சாக்லேட்டும், சைலிட்டால் என்னும் இனிப்புச் சேர்த்த, சர்க்கரை இல்லாத பண்டங்களும் நஞ்சாகும். வேகவைத்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். வடை, பூரி, பரோட்டா, கோழித்தோல் போன்ற கொழுப்பு மிக்கவை கணைய அழற்சியை உண்டாக்கலாம்.

கொள்ளும் கை வைத்தியமும்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்னும் பழமொழியை வைத்துக் கொழுத்த நாய்க்குக் கொள்ளு கொடுக்கலாமா என்று பலர் கேட்கின்றனர். கொள்ளு புரதமும் நார்ச்சத்தும் உள்ள நல்ல பயறு. நன்கு குழைய வேகவைத்து, சோற்றில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிறிதளவு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வழக்கமான சோற்றோடு கொள்ளையும் சேர்த்துப் போட்டால் எடை கூடுமே தவிரக் குறையாது. கொழுப்பைக் கரைக்கும் பொருள் கொள்ளில் தனியாக இல்லை. மற்றத் தீனியைக் குறைப்பதில்தான் பலன் உள்ளது.

விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றுப்போக்கு உண்டாக்குவது மிகவும் தவறு. குறைவது உடலின் நீர்தானே தவிரக் கொழுப்பன்று. மனிதருக்கான தைராய்டு மாத்திரைகளையும் இளைக்க வைக்கும் மாத்திரைகளையும் கொடுக்கவே கூடாது. மருந்தால் இளைக்க வைக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2007-ல் அமெரிக்காவில் நாய்களின் உடற்பருமனுக்கென்றே ஒரு மருந்து அனுமதிக்கப்பட்டது. பின்னர் அது விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. தட்டின் அளவும் நடையும் மட்டுமே இன்றும் நிலைத்து நிற்கும் வழிகள்.

நடைப் பயிற்சி

பல நாள் கட்டிக் கிடந்த நாயை முதல் நாளே ஓடவிடக் கூடாது. முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் நடத்தவும். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி, வேளைக்கு 30 முதல் 40 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். சூரியன் ஏறுமுன்னும் சாய்ந்த பின்னும் மட்டுமே நடத்த வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால், நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. தீனி தின்ற உடனே ஓடவிடக் கூடாது. வரப்பு, மண் பாதை மூட்டுகளுக்கு இதமானவை. மூட்டு வலியுள்ள நாய்க்கு ஆழமில்லாத வாய்க்காலில் ஆள் துணையோடு நீந்துதல் நல்ல பயிற்சி.

மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி நாயை ஓட்டும் வழக்கத்தை அறவே விட வேண்டும். நாய் தன் எஜமானுக்காக மயங்கி விழும்வரை ஓடும். வண்டியில் இருப்பவருக்கு அது தெரியாது.

கடுமையாக இரைத்தல், கெட்டியான எச்சில், ஈறு சிவத்தல், தள்ளாடுதல் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காற்றுப்பட வைக்க வேண்டும். தண்ணீரை வாயில் பலவந்தமாக ஊற்றக் கூடாது. சூட்டைத் தணித்துக்கொண்டே மருத்துவரிடம் எடுத்துச் செல்லவும்.

வீட்டாரின் ஒத்துழைப்பு

எடை குறைப்பு தோற்பதற்குப் பெரும்பாலும் நாய் காரணமல்ல. தோட்டக்காரர் அளந்து போட, பாட்டி தன் தட்டிலிருந்து ஒரு கவளம் ஒதுக்க, பேரன் பிஸ்கட் போட, தெருமுனை டீக்கடையில் யாரோ பன் போட என்று நான்கு கைகள் ஊட்டுகின்றன. இதற்கு ஒரு வழி உண்டு. அன்றைய தீவனம் முழுவதையும் காலையிலேயே அளந்து ஒரு மூடிய பாத்திரத்தில் வைத்துவிட வேண்டும். யார் கொடுத்தாலும் அதிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும்; பாத்திரம் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. பெரியவர்களின் ஆசைக்கும் இதில் இடமுண்டு, நாயின் எடைக்கும் தீங்கில்லை. வயிறாரப் போடுவதுதான் பாசம் என்று பழகியவர்களிடம் சண்டையிட்டுப் பயனில்லை. முறுக்குக்குப் பதில் கையில் ஒரு வெள்ளரித் துண்டைக் கொடுத்து, "இதைப் போடுங்கள், நமக்கு இன்னும் இரண்டு வருடம் கூட இருக்கும்" என்று சொல்லிப் பார்க்கலாம்.

இரண்டு நாய்கள் உள்ள வீட்டில் தனித்தனியே கட்டித் தீவனம் வைத்து, கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடவும். பக்கத்து வீட்டாரிடமும் கடைக்காரரிடமும், "நாய்க்கு வைத்தியம் நடக்கிறது, எதுவும் போட வேண்டாம்" என்று சொல்லி வைத்தால் மதிப்பார்கள்.

எடை குறையாவிட்டால்

மூன்று நான்கு வாரமாகியும் எடை அசையாவிட்டால், முதலில் இரகசியமாகத் தீனி கிடைக்கிறதா என்று பார்க்கவும். இல்லையென உறுதியானால் தீவனத்தில் மேலும் 10 சதவீதம் குறைக்கலாம். அதற்கும் பலனில்லாவிட்டால் இரத்தப் பரிசோதனை தேவை, மருத்துவரை அணுகவும். வாரம் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும், நாய் சோர்ந்தாலும் தீவனத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

இலக்கை எட்டிய பின் பழைய தட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. 10 சதவீதமாகக் கூட்டிப் பார்த்து, எடை நிலைத்து நிற்கும் அளவோடு நிறுத்தி, அதன் பின் மாதம் ஒருமுறை எடை பார்த்து வந்தால் போதும்.

நாய் தானாகப் பானையைத் திறந்து சோறு போட்டுக்கொள்வதில்லை. அதன் உடம்பில் ஏறிய ஒவ்வொரு கிராமும் நம் கையால் போட்டதே. அதை இறக்குவதும் நம் கையில்தான் இருக்கிறது. நாய் வளர்ப்போர் இந்த வாரமே நாயின் விலாவைத் தடவிப் பார்த்து, எடையைக் குறித்து வைத்துத் தொடங்குவார்களானால், வரும் கோடைக்குள் நல்ல பலனைக் காணலாம்.